ஒயின் தேர்வுக்குப் படித்த அனுபவம்: பயோடைனமிக் பாடமும் கம்பம் பன்னீர்த் திராட்சையும்

குமுளியில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மலைக்குக் கீழே சுருளிப்பட்டி. வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தல் உண்டு. ஒயின் படிப்புகளையும் தேர்வுகளையும் நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான டபிள்யூ.எஸ்.இ.டி.யின் லெவல் 3 ஒயின் தேர்வை இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை சுவைத் தேர்வில் தேறி, எழுத்தில் போய்விட்டது. இரண்டாம் தடவைதான் முழுசாகத் தேறினேன். கேரள எல்லையில் ஹோட்டல் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது இதற்குப் படிக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். திராட்சை ஊரில் பிறந்தவருக்கு இந்தப் படிப்பு சில இடங்களில் நன்றாகக் கைகொடுக்கும், சில இடங்களில் காலை வாரிவிடும். நான் அதிகம் தடுமாறியது பயோடைனமிக் பாடத்தில். செயற்கை உரம் இல்லாமல், சந்திரன் நாள்காட்டி பார்த்துச் செய்கிற ஒரு விவசாய முறை அது.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு 2 மணி நேரம். சரியான விடையைக் குறிக்கும் கேள்விகள் 50, விளக்கி எழுதும் கேள்விகள் 4. விளக்கக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். சுவைத் தேர்வில் பெயர் மறைத்த 2 ஒயின்கள், 30 நிமிடம். இரண்டிலும் தனித்தனியாக 55 சதவீதம் வேண்டும். விடை குறிப்பது மனப்பாடத்தில் ஓடிவிடும். ஆளைச் சாய்ப்பது விளக்கக் கேள்விகள்தான்.

முதல் தடவை நான் செய்த பெரிய தவறு, எங்கள் தோட்டத்தை அப்படியே விடைத்தாளில் எழுதியது. கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது பற்றிக் கேட்டிருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு கவாத்து என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். கம்பம் பள்ளத்தாக்கில் அதுதான் உண்மை. இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது, கொடி தூங்குவதே இல்லை. நாம் எப்போது கவாத்து செய்கிறோமோ அதிலிருந்து கணக்குப் போட்டு அறுப்பு வரும். இரண்டு வருடத்தில் ஐந்து அறுப்பு எடுப்பவர்களும் உண்டு. ஆனால் பாடப்புத்தகத்தின் கொடி 30 முதல் 50 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கிறது. அது இலையுதிர்த்து, பனியில் தூங்கி, அந்தத் தூக்கத்தில் வருடத்துக்கு ஒரு கவாத்து வாங்கி, வசந்தத்தில் துளிர்க்கும். நாம் இருப்பது 10 டிகிரிக்குப் பக்கத்தில். முதலில் புத்தகத்துக் கொடியின் வருடத்தை மாதவாரியாக ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நம்ம ஊர்க் கொடியை அதன் பக்கத்தில் வைத்து, எதனால் வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த 'எதனால்' என்ற கேள்விக்குத்தான் மதிப்பெண்.

நோய்ப் பாடத்தில் ஊர் முழுசாகக் கைகொடுத்தது. அடிச்சாம்பல் நோய்க்கு மழையும் ஈரமும் வேண்டும். சாம்பல் நோய்க்கு மழை வேண்டியதில்லை, இலை அடர்ந்து நிழல் கட்டினால் போதும். முன்னதற்குத் தாமிரம், பின்னதற்குக் கந்தகம். மற்றவர்கள் அட்டை எழுதி மனப்பாடம் செய்ததை நான் பந்தலுக்கு அடியிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறேன். 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று அப்பா பிளாஸ்டிக் டிரம்மில் கலக்கும் அந்த நீல மருந்துக்குப் பெயர் போர்டோ கலவை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொல். அந்தப் போர்டோதான் ஒயின் பாட்டிலில் அச்சடித்திருக்கும் பிரான்ஸ் நாட்டுப் போர்டோ என்று வகுப்பில்தான் தெரிந்தது. 1880களில் அங்கே அடிச்சாம்பல் பரவியபோது கண்டுபிடித்தது. அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்ப நம்ம மருந்து அவங்க ஊர்லேர்ந்து வந்ததா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இது பயோடைனமிக் பாடத்துக்கும் உதவும். பயோடைனமிக் என்றால் எந்த மருந்துமே அடிக்கக் கூடாது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். தவறு. இயற்கை முறையிலும் பயோடைனமிக் முறையிலும் தாமிரமும் கந்தகமும் அளவோடு அனுமதி உண்டு. தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால்தான் அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் எக்டருக்கு 7 வருடத்தில் 28 கிலோ என்பது வரம்பு. தடை செய்திருப்பது செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும்.

அப்புறம், பஞ்சகவ்யம். பயோடைனமிக் கரைசல்களுக்கு உதாரணமாகப் பயிற்சித் தாளில் நான் அதை எழுதினேன், ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். இரண்டும் மாட்டோடு சம்பந்தப்பட்டவை என்பதால் வந்த குழப்பம். பயோடைனமிக் என்பது ஆஸ்திரியத் தத்துவவாதி ரூடால்ஃப் ஸ்டெய்னர் 1924இல், இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் விவசாயிகளுக்கு நடத்திய 8 சொற்பொழிவுகளிலிருந்து வந்தது. பண்ணை முழுவதும் ஒரே உயிர், தனக்கு வேண்டிய எருவைத் தன் மாடுகளிடமிருந்தே அது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அடிப்படை. அதற்கு மேல் எண் வைத்த தயாரிப்புகள். 500 கொம்பு எரு, 501 கொம்புக்குள் வைத்த பளிங்குக்கல் பொடி, 502 முதல் 507 வரை மூலிகைகளிலிருந்து செய்து எருக்குழியில் சேர்ப்பவை. இதில் 500ஐயும் 501ஐயும் குழப்பாமல் இருந்தால் போதும். 500 மண்ணுக்கும் வேருக்கும், 501 இலைக்கும் வெளிச்சத்துக்கும்.

புத்தகத்தில் படித்து மனதில் நிற்காததால் ஒரு விடுமுறை நாளில் கீழ்ப்பழனி மலையில் இந்த முறையில் காப்பி பயிரிடுகிற ஒரு தோட்டத்துக்குப் போனேன். அன்றைக்குக் குழி திறந்தார்கள். ஈன்ற பசுவின் கொம்புகள், காளைக் கொம்பு ஆகாது. ஐப்பசி வாக்கில் பசுஞ்சாணம் அடைத்துப் புதைத்து, பங்குனியில் எடுத்தவை. ஒரு அம்மா கொம்பைக் கல்லில் தட்டினார். உள்ளிருந்து கருப்பாக, காப்பித்தூள் ஈரமானது போல ஒரு கட்டி விழுந்தது. சாண வாசனையே இல்லை, முதல் மழை நனைத்த செம்மண் வாசனை. ஏக்கருக்கு 25 கிராம்தான் கணக்கு. அதைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றி நடுவில் ஆழமாகச் சுழி விழுந்ததும், சட்டென்று எதிர்ப்பக்கம் சுற்றி அந்தச் சுழியை உடைக்க வேண்டும். நானும் கால் மணி நேரம் கலக்கினேன், தோள் விட்டுப்போனது. வேலையாள் செலவு அதிகம் என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதும்போது அந்தத் தோள்வலி நினைவுக்கு வந்தது. முடிந்தால் நீங்களும் ஒரு நாள் இப்படிப் போய்வாருங்கள்.

நாள்காட்டிப் பகுதி நம்மவர்களுக்குச் சுலபம். ஜெர்மனியில் பயோடைனமிக் நாள்காட்டி போட்ட மரியா தூன் வகுத்த கணக்கில் வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று நான்கு. சந்திரன் எந்த ராசி மண்டலத்தில் நிற்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். ரிஷபம், கன்னி, மகரம் வேருக்கு. கடகம், விருச்சிகம், மீனம் இலைக்கு. மிதுனம், துலாம், கும்பம் பூவுக்கு. மேஷம், சிம்மம், தனுசு பழத்துக்கு. நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று போட்டிருப்பதும் சந்திரன் நிற்கும் நட்சத்திரத்தை வைத்துத்தான். நினைவில் வைக்க இதை விடப் பிடிமானம் கிடைக்காது. ஆனால் விடைத்தாளில் ராசி எல்லாம் வேண்டாம், நான்கு நாள்களின் பெயரும் எந்த வேலையை எப்போது செய்வார்கள் என்பதும் போதும்.

இதை நம்புகிறீர்களா என்று தேர்வு கேட்காது. நம்பிக்கையோடு பக்கம் நிரப்பியவருக்கும் மதிப்பெண் இல்லை, மூடநம்பிக்கை என்று திட்டியவருக்கும் இல்லை. என் கருத்தைக் கேட்டால், கொம்பு எருவின் தனிப்பலனுக்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை. ஆனால் மட்கிய எருவும் மூடுபயிரும் மண்ணை உயிரோடு வைக்கும், நாள்காட்டி பார்த்து வேலை செய்பவர் ஒவ்வொரு கொடியையும் போய்ப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். உதாரணத்துக்கு பிரான்ஸின் லுவார் பகுதியில் நிக்கோலா ஜோலி குடும்பத்தின் குலே த செரான் தோட்டத்தை எழுதுங்கள். சுமார் 7 எக்டர், ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை மட்டும். இப்படிச் சின்னத் தோட்டத்தில் சாத்தியமாவது பெரிய கம்பெனித் தோட்டத்தில் ஏன் கடினம் என்று அதிலிருந்தே காரணம் வரும். ஒயின் செய்யும் இடத்தில் பழத்தோடும் கொட்டகையோடும் வரும் ஈஸ்ட்டையே பெரும்பாலும் நம்புகிறார்கள், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடை (சல்ஃபைட்) குறைக்கிறார்கள் என்றும் எழுதலாம். சல்ஃபைட்டே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கும்.

சுவைத் தேர்வுக்கு விலை உயர்ந்த பாட்டில் வாங்கித்தான் பழக வேண்டும் என்பதில்லை. துவர்ப்பு அளக்க வண்டிப்பெரியாறு தேயிலையில் கட்டன் சாயா போடுங்கள். 2 நிமிடம், 5 நிமிடம், 10 நிமிடம் ஊறியதை வரிசையாக வைத்துக் குடித்தால், ஈறு எப்போது இறுகுகிறது என்று வாய் கற்றுக்கொள்ளும். புளிப்புக்கு எலுமிச்சைத் தண்ணீர், எவ்வளவு நேரம் வாயில் நீர் ஊறுகிறது என்று கவனியுங்கள். கிராம்பு, ஜாதிக்காய், மிளகு எல்லாம் குமுளிக் கடைத்தெருவில் பொட்டலமாகக் கிடைக்கும். கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லப் பழகுங்கள். மஸ்கட் என்ற திராட்சை வகையின் வாசனையை நான் தேடவே இல்லை, நம் பன்னீர்த் திராட்சையே மஸ்கட் ஹாம்பர்க்தான். ஒரு எச்சரிக்கை: சோவினியான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினின் வாசனைக்குச் சொல்லும் கூஸ்பெரி நம் நெல்லிக்காய் இல்லை, அது வேறு செடி.

அம்மாவுக்கு இது குடிக்கிற படிப்பு என்று வருத்தம் இருந்தது. ஒரு தடவை வீட்டிலேயே ஒரு கிளாஸ் ஊற்றி, பார்த்து, முகர்ந்து, வாயில் சுழற்றி, சொம்பில் துப்பிக் காட்டினேன். துப்புவதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள். தேர்வு நாள் காலையில் காப்பி வேண்டாம், பல் துலக்குவதைச் சீக்கிரமே முடித்துவிடுங்கள், சட்டைக்கு சென்ட் அடிக்காதீர்கள். பெங்களூரில் தேர்வு என்றால் முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த வாய்க்கு எல்லா ஒயினும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.