கேம்டன்: ரிஸ்க் காசு கேட்ட டாக்ஸியும் விட்மன் வீடும்

பிலடெல்பியாவிலிருந்து திரும்பி நான்கு நாள்கூட ஆகவில்லை. அந்த டாக்ஸிக்காரர் மேல் உள்ள கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். முதலில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பிலடெல்பியாவிலிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டினால் எதிர்க்கரையில் கேம்டன், நியூ ஜெர்சி. கவிஞர் வால்ட் விட்மன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர். பாரதியாரின் ‘நகரம்’ கட்டுரையில் அந்தப் பெயரைப் படித்த நாளிலிருந்து அவர் வீட்டைப் பார்க்க ஆசை. அதே நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கும் அக்காவிடம் சொன்னதும் போனிலேயே கத்தினாள். “ஏண்டி, உனக்கு வேற ஊரே கிடைக்கலையா? அங்க பட்டப்பகல்லயே சுடுவாங்க!” அத்தான் போனை வாங்கி, “போறதுன்னா கார்ல போம்மா. நடக்காதே” என்றார்.

காலையில் மழை வேறு. சரி என்று ஒரு டாக்ஸியை நிறுத்தி, 25 டாலர் என்று பேசி ஏறினேன். ஒரு நாளைக்கு மொத்தமே 60 டாலர்தான் என்று கணக்கு வைத்திருந்தேன், அதில் இதுவே பெரிய ஓட்டை. பாலத்தின் நடுவில் போகும்போது ஆரம்பித்தார். “கேம்டன் ஆபத்தான ஊர், என் உயிருக்கு ரிஸ்க், 50 கொடுக்க வேண்டும்.” கூடவே டோல் காசு. பாலத்தில் டோல், பிலடெல்பியாவுக்குள் திரும்பும்போது மட்டும்தான், 6 டாலர். அவர் திரும்பிப் போகத்தானே வேண்டும், அந்த 6 டாலரைக் கேட்டால் நியாயம், கொடுத்திருப்பேன். உயிருக்கு ரிஸ்க் என்று இன்னொரு 25 டாலரா? பாதி வழியில் இறங்கவா முடியும்? வாக்குவாதம் செய்து 45 டாலரில் முடிந்தது.

அவர் என்னை இறக்கிவிட்ட இடத்தைக் கேளுங்கள். ஆற்றங்கரையில் மீன் காட்சியகத்தின் வாசல். அங்கே மஞ்சள் மழைக்கோட்டு போட்ட சின்னக் குழந்தைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, டீச்சருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். அந்த இடத்துக்கு வரத்தான் அவருக்கு ரிஸ்க் காசு. அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. ஒரு ஊரின் கெட்ட பெயரைக் காட்டிப் பணம் பிடுங்குவது அந்த ஊர் மக்களுக்கும் செய்கிற அநியாயம்.

கெட்ட பெயர் சும்மா வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2012-ல் இந்த ஊரில் 67 கொலைகள். மக்கள்தொகை அப்போது 77,000 சுமார். லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 87 வருகிறது. அதே வருடம் அமெரிக்கா முழுவதற்குமான விகிதம் 5-கூட இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில்தான் நகராட்சியிடம் பணம் இல்லாமல் போலீஸில் ஏறக்குறைய பாதிப் பேரை, 168 பேரை, வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். 2013 மே மாதம் நகரப் போலீஸையே கலைத்துவிட்டு, மாவட்ட அளவில் புதிய படையை ஆரம்பித்தார்கள். ஆள் ஒருவருக்கு ஆகும் செலவைக் குறைத்து, அதே பணத்தில் அதிகம் பேரைத் தெருவில் இறக்கினார்கள். காரில் சுற்றாமல் நடந்து போக வேண்டும், வீட்டுக் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது கட்டளை. சுடப்பட்டவர் கிடந்தால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் போலீஸ் காரிலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதையும் வழக்கமாக்கினார்கள்.

2024-ல் கொலைகள் 17. 2025 கோடையில் ஒன்றுகூட இல்லை, ஐம்பது வருடங்களில் இப்படி ஒரு கோடை இதுதான் முதல் முறையாம். 17 என்பதும் லட்சத்துக்கு 24 அளவில் வருகிறது, நாட்டின் சராசரியைவிட நான்கைந்து மடங்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2020 கணக்கெடுப்பில் ஊரில் 71,791 பேர்தான். இவ்வளவு சின்ன ஊரில் ஒரே ஒரு கொலை கூடினாலும் விகிதம் 1.4 ஏறிவிடும். ‘அமெரிக்காவின் ஆபத்தான நகரங்கள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அக்கா படித்ததும் அப்படி ஒரு பழைய பட்டியல்தான்.

எல்லாம் போலீஸால்தான் மாறியது என்று நான் சொல்லமாட்டேன். அதே பத்து வருடத்தில் புதுப் பள்ளிகள், மருத்துவக் கல்லூரி, கம்பெனிகள் எல்லாம் வந்திருக்கின்றன. புதிய படையின் ஆரம்ப வருடங்களில் சைக்கிளில் பெல் இல்லை, கார்க் கண்ணாடி கறுப்பு என்று சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அபராதச் சீட்டு எழுதித் தள்ளியதை உரிமை அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன. அது தப்புதான். ஏழைகளிடம் போய் அபராதம் வசூலிப்பதா பாதுகாப்பு?

ஆற்றங்கரை பளபளப்பாக இருக்கிறது. ‘நியூ ஜெர்சி’ என்ற பழைய போர்க்கப்பல் அங்கேதான் மியூசியமாக நிற்கிறது. கப்பலுக்கும் மீன் காட்சியகத்துக்கும் டிக்கெட் என் பட்ஜெட்டுக்குக் கட்டாது, அதுவும் அந்த டாக்ஸிக்குப் பிறகு. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடந்தேன். இந்தக் கரையை மட்டும் பார்த்துவிட்டுக் கேம்டனைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

விட்மன் வீடு பக்கத்திலேயே. மரத்தால் ஆன, ஒடுங்கிய இரண்டு தள வீடு. 1884-ல் 1,750 டாலருக்கு வாங்கினார். 1892-ல் இங்கேயே இறந்தார். உள்ளே போக முடியவில்லை. ஆனால் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? மாவட்டச் சிறை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு, மேலே ஏதோ ஒரு ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்தபடி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குற்றப் புள்ளிவிவரம் என்று நாம் படிப்பதில் அந்தக் குழந்தை எங்கேயும் வராது.

அங்கிருந்து பஸ்ஸுக்கு நின்று 50 நிமிடம் போனது. வரவே இல்லை. பக்கத்தில் ஒருவர் போதையில் நின்றபடியே மடங்கி மடங்கி விழப் பார்த்தார். பயமாக இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது. அவர் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கடைசியில் பிலடெல்பியாவுக்கும் கேம்டனுக்கும் ஓடும் பாட்கோ ரயிலைப் பிடித்து ஃபெரி அவென்யூவில் இறங்கினேன். அங்கேயிருந்து கொஞ்ச நேர நடையில் ஹார்லி கல்லறைத் தோட்டம். விட்மன் தன் கல்லறையைத் தானே திட்டமிட்டுக் கட்டிக்கொண்டார். குன்றைக் குடைந்த கல் வீடு மாதிரி, மேலே மரங்கள். ஒரு ஆள் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஹேடன் அவென்யூ வழியாகவே நடந்தேன். பலகை அடித்து மூடிய வீடுகள், நடுவில் சாமந்தித் தொட்டி வைத்த வீடுகள். திண்ணை மாதிரியான முன்வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “வழி தவறிட்டியா ஹனி?” என்று கூப்பிட்டார். கவிஞர் கல்லறை பார்க்க வந்தேன் என்றதும் சிரித்தார். “பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி நான் இங்கே உட்கார மாட்டேன். சத்தம் கேட்டா தரையில படுத்துடுவோம். இப்போ பேரன் இருட்டுற வரைக்கும் வெளியே விளையாடுறான்.” இருட்டிய பிறகு? “அப்போ உள்ளே கூப்பிட்டுடுவேன்” என்றார். எந்தப் பட்டியலையும்விட எனக்கு அந்தப் பதில் போதும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அதே தெருவில் 1223-ம் எண், டாங்கிஸ் பிளேஸ். 1928 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை போட்ட லியோன் லூகாஸ் ஆரம்பித்த கடை. பிலடெல்பியாவில் நீள ரொட்டியில் கொடுக்கும் சீஸ்ஸ்டேக்கை, அதாவது மெல்லிய மாட்டிறைச்சியும் சீஸும் வைத்த சாண்ட்விச்சை, இங்கே கசகசா தூவிய வட்ட பன்னில் கொடுக்கிறார்கள். பொன்னிறமாக வதக்கிய வெங்காயம் மலைபோல். மேலே காரமான ஊறுகாய் மாதிரி ஒன்று, அதை இரண்டு கரண்டி போட்டதும் நாக்குக்கு உயிர் வந்தது. பன் அடியில் சாறு ஊறி, கடைசி வாய் வரை சூடு. ஆற்றின் அந்தப் பக்கம் வரிசையில் நின்று நான் சாப்பிட்டதெல்லாம் இதன் பக்கத்தில்கூட வராது. ஒன்றே எனக்கு இரண்டு வேளைக்குப் போதும் என்பதால் பாதியைக் கட்டி வாங்கிக்கொண்டேன். காலையில் போன காசுக்கு இங்கேதான் மனம் ஆறியது.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். டாக்ஸி வேண்டாம். பாட்கோ ரயிலில் பிலடெல்பியா–கேம்டன் டிக்கெட் 2 டாலர்கூட இல்லை. அதுவும் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்தில் நடந்தே வரலாம், ஒரு பைசா செலவில்லை. 1926-ல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான தொங்குபாலம் அது. பகலில் போங்கள், போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், ஆள் இல்லாத சந்துகளுக்குள் நுழையாதீர்கள். மழை விட்டிருந்ததால் திரும்பும்போது நான் பாலத்தில்தான் நடந்தேன். பக்கத்தில் ரயில் தடதடவென்று போக, கீழே ஆறு. நடுவில் நின்று அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். “முதல்ல அந்தப் பாலத்தை விட்டு இறங்குடி” என்றாள். பாலத்தின் நடைபாதையை இரவில் பூட்டிவிடுவார்கள், நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.