கோலத்துக்குப் பெருக்கிய வாசல்

செப்டம்பர் 11, வைகேயோ தீவு
இந்தோனேசியாவின் சோரோங் துறைமுகத்திலிருந்து படகில் இரண்டு மணி நேரம். மேற்குப் பப்புவா பகுதியின் சொர்க்கப் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. நாளை மூன்றரைக்கே எழ வேண்டும்.

செப்டம்பர் 12
இருட்டில் மலையேறினோம். விடியும்போது உச்சிக் கிளையில் சிவப்புச் சொர்க்கப் பறவைகளின் கூச்சல். விலாவில் செந்நிறத் தோகை, வாலிலிருந்து இரண்டு நீளக் கறுப்பு இழைகள். பழைய பாட்டு கேசட்டிலிருந்து உருவிய நாடா போல அவை சுருண்டு தொங்கின. ஒரு ஆண் தலைகீழாகத் தொங்கி இறக்கையை விரித்தது. இந்தப் பறவையைத் தேடித்தான் ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ் 1860இல் இங்கே வந்து தங்கினார்.

செப்டம்பர் 13
நாள் முழுக்க மழை. சொர்க்கப் பறவைகளின் கால்களை வெட்டிவிட்டுப் பாடம்செய்த தோல்கள்தான் அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போயின. அதனால் இவற்றுக்குக் காலே கிடையாது, வானத்திலேயே வாழ்கின்றன என்று நம்பினார்கள். 1758இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் ஒரு இனத்துக்குக் 'காலற்றது' என்றே பெயர் வைத்தார். வெட்டியது மனிதக் கை. நினைக்க வருத்தமாக இருக்கிறது.

செப்டம்பர் 14
வில்சன் சொர்க்கப் பறவை! வைகேயோ, பத்தாந்தா தீவுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது.

ஓலை மறைப்பின் துளை வழியே பார்த்தால், கோலம் போடப் பெருக்கிய வாசல் மாதிரி காட்டுத்தரை. வழிகாட்டி அண்ணன் அதில் நாலைந்து சருகுகளைப் போட்டுவிட்டு வந்தார். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. மைனாவைவிடச் சிறிய அந்த ஆண் வந்ததும் முதல் வேலையாகச் சருகை அலகால் கவ்வி வெளியே எறிந்தது. ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும். சுற்றியிருந்த செடிகளின் இலைகளையும் இதுவே கிள்ளிவிடுமாம், வெளிச்சம் விழட்டும் என்று.

முதுகு இரத்தச் சிவப்பு, பிடரி மஞ்சள். உச்சந்தலையில் இறகுக்குப் பதில் நீலத் தோல், அதன் குறுக்கே கறுப்புக் கோடுகள். வாலில் முறுக்கிவிட்ட மீசை போல இரண்டு கம்பிகள். மார்பு மட்டும் எனக்குக் கருப்பாகவே தெரிந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது.

ஏழரை மணிக்குப் பழுப்பு நிறப் பெண் வந்து மெல்லிய தண்டில் மேலே அமர்ந்தது. ஆண் அதே தண்டில் கீழே ஒட்டிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி மார்பை விரித்தது. அது லேசாகத் திரும்பிய ஒரு நொடி, மரகதப் பச்சை பளீரென்று மின்னி அணைந்தது. மேலிருந்து குனிந்து பார்க்கிறவளுக்கான பச்சை அது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நொடிதான். அதுவே போதும், கண் கலங்கிவிட்டது.

பெண் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. ஆண் தரையில் இறங்கியது. அதற்குள் ஒரு புது இலை விழுந்திருந்தது. அதைக் கவ்வியது.