அம்மாவுக்கு ஒரு டீ: கோத்தகிரி நாட்குறிப்பு

நவம்பர் 24

மழை விடவே இல்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் கடையில் டீ குடித்தேன். காலையில் இறக்கிய டிக்காஷனையே மாலை வரை ஓட்டுகிறார்கள். தொண்டையில் கசப்பு நின்றது. அம்மாவுக்கு இந்தக் கடை வேண்டாம்.

நவம்பர் 25

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

நவம்பர் 27

மார்க்கெட்டுக்கு இறங்கும் சந்தில் ஒரு பேக்கரி. உள்ளே விறகு அடுப்பு எரிகிறது, அந்தச் சூட்டுக்காகவே கொஞ்ச நேரம் நின்றேன். வர்க்கி, அந்த மடிப்பு மடிப்பான மொறுமொறு பிஸ்கட், அப்போதுதான் தட்டில் வந்தது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊட்டி வர்க்கி என்ற பெயருக்கு. ஆனால் கோத்தகிரிக்காரர்கள் அதை எங்கள் வர்க்கி என்றுதான் சொல்கிறார்கள், சொல்லட்டும். வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை, உப்பு எல்லாம் கலந்து புளிக்கவைத்த மாவுதான் இதற்கு ஈஸ்ட் மாதிரி. அதனால்தான் இனிப்புக்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு.

அறைக்கு வந்ததும் ஒன்றை டீயில் நனைத்துப் பார்த்தேன். முதலில் ஓரம் கருக்கிறது. அப்புறம் மடிப்புகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன, நெய்ப் பொட்டுகள் மேலே வந்து மிதக்கின்றன. அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் கிளாஸுக்கு அடியில் போய்க் கூழாகிவிடும். ஆனால் அம்மாவுக்கு அந்தக் கூழ்தான் சரிப்படும், வாய்ப்புண்ணோடு எதையும் கடிக்க முடியாது. ஸ்பூனால் எடுத்துக் கொடுத்தேன். பாதி உள்ளே போனது.

"நல்லாத்தான் இருக்கும் போல. எனக்குத்தான் எல்லாமே இரும்பு மாதிரி இருக்கு" என்றாள்.

நவம்பர் 28

இன்று அவளாகவே வர்க்கி கேட்டாள். இரண்டு ஸ்பூனோடு போதும் என்றாள். கேட்டாளே, அதுவே போதும்.

டிசம்பர் 1

ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் தேயிலை. இவ்வளவு தேயிலைக்கு நடுவில் அம்மாவுக்கு இறங்குகிற மாதிரி ஒரு டீ கிடைக்கவில்லை என்றால் எப்படி?

ஒவ்வொரு கடையாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கோயில் பக்கத்துக் கடையில் இஞ்சி தட்டிப் போடுகிறார்கள், எனக்குப் பிடித்தது. ஆனால் இஞ்சி அம்மாவின் புண்ணில் எரியும். மேட்டுப்பாளையம் ரோட்டுக் கடையில் ஏலக்காய், அந்த வாசனையே அவளுக்குக் குமட்டல். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் மாஸ்டரிடம், "சர்க்கரை கம்மியா, பால் கம்மியா, ரொம்பச் சூடும் வேண்டாம்" என்றேன். "அப்புறம் அதில் என்னக்கா இருக்கு?" என்று கேட்டார். யாருக்கு என்று சொன்னதும் கிளாஸை வெந்நீரில் இன்னொரு தடவை கழுவிவிட்டு, தூளும் புதிதாக மாற்றினார். காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், மறுபடியும் அந்தக் கடைக்குப் போக வேண்டுமே.

அடுத்த வீட்டு அக்காவுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. காலையில் இலை பறித்துச் சாக்கில் கட்டிக் கூட்டுறவு ஃபேக்டரி வண்டிக்கு ஏற்றுகிறார். நாலரைக் கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வருமாம். பச்சை இலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகம் மாறிவிடுகிறது. அவர் வீட்டிலும் டஸ்ட் டீதான். சட்டென்று சாயம் இறங்கும், பாலுக்குத் தாங்கும். ஆனால் அம்மாவின் இரும்பை அது இன்னும் கூட்டுகிறது என்பது என் சந்தேகம். முழு இலையாகச் சுருட்டுகிற ஆர்த்தடாக்ஸ் டீயைப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 4

சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் பத்தியம் சொல்கிறார்கள். மாதுளை கொடு, கேழ்வரகு கொடு, பசும்பால் கொடுக்காதே. வந்து ஒரு வாய் ஊட்டிப் பாருங்கள். வர வேண்டிய போன் மட்டும் வரவில்லை.

டிசம்பர் 8

அடுத்த வீட்டு அக்கா கிண்ணத்தில் அவரை உதக்காவும் ராகிக் களியும் கொண்டுவந்தார். அவரைக் கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு, அவர்கள் வீட்டிலேயே வறுத்து அரைத்த பொடியின் வாசனை. நான் ஊரில் வைக்கிற குழம்பில் புளி முன்னே நிற்கும், இதில் கொட்டைதான் முன்னே நிற்கிறது. மலையில் கொட்டை வேக நேரம் பிடிக்கும். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டேன் என்றார்.

எனக்கு அடிநாக்கு வரை இனித்தது. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். அம்மாவுக்குக் களியை உதக்காவில் கரைத்துக் கொடுத்தேன், நான்கு வாய். கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது, அதில் என்ன வைத்துக் கொடுப்பது என்று ராத்திரி முழுக்க யோசனை.

டிசம்பர் 9

ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர்கூட இரும்பு என்கிறாள்.

டிசம்பர் 13

ஃபேக்டரி கடையில் ஆர்த்தடாக்ஸ் 100 கிராம் வாங்கினேன். குளிர்காலத்தில் துளிர் மெதுவாக வருவதால் மணம் கூடுதலாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். முறுக்கின நீளமான இலை, உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. கொதித்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி, மூன்று நிமிடம் மூடிவைத்து வடித்தேன். தேன் நிறம். பால் இல்லை, சர்க்கரை இல்லை. விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டுக் கொடுத்தேன்.

முழு டம்ளரும் குடித்தாள்! "பூ வாசனை வருது. இரும்பு வரலை" என்றாள். பள்ளிக்கூட எதிர்க்கடை மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், வேறு யாரிடம் சொல்ல?

டிசம்பர் 14

அதே இலை, அதே மூன்று நிமிடம், அதே சூடு. வாசனை பிடிக்கவில்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

டிசம்பர் 16

மாலையில் மறுபடியும் வைத்துக் கொடுத்தேன். பாதி. காலையைவிட மாலையில்தான் நாக்கு அவள் சொன்னபடி கேட்கிறதோ? இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 21

அக்கா வீட்டுக் கொல்லையில் மரத்தக்காளி காய்த்துத் தொங்குகிறது. முட்டை வடிவம், நல்ல சிவப்பு. தணலில் சுட்டு, தோலை உரித்து, பச்சை மிளகாய் கிள்ளிப்போட்டு உப்போடு மசிக்கச் சொன்னார். அம்மாவுக்கு மிளகாயை எடுத்துவிட்டேன். புண் ஆறிவிட்டதால் புளிப்பு எரியவில்லை. இட்லி ஒன்றரை! தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துச் சாப்பிட்டாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன பார்க்கிற என்று திட்டினாள். திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று.

கிண்ணத்தில் பால் பாயசம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 23

போன் இல்லை. நானே அழைத்தேன். "வந்ததும் சொல்கிறோம்."

டிசம்பர் 30

படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை. அடுத்த வீட்டில் எல்லோரும் வெள்ளை உடுத்திப் பேரகணி கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். போகிற அவசரத்திலும் அக்கா ஜன்னல் வழியாக, "உங்க அம்மாவுக்கும் வேண்டிக்கிறேன்" என்றார். மேரக்காய் (சௌசௌ) கூட்டு வைத்தேன். சுமாராக வந்தது.

ஜனவரி 3

மதியம் போன் வந்தது. அவர்கள் எதுவும் சொல்லவில்லை, நேரில் வரச் சொன்னார்கள். நாளை முதல் பஸ். மேட்டுப்பாளையம் வளைவுகளில் அவளுக்குக் குமட்டும், அதனால் காலையில் வெறும் இலை டீ மட்டும். பிளாஸ்கில் ஊற்றினால் சூடு இறங்காது, முன்கூட்டியே போட்டு ஆறவைக்க வேண்டும். வர்க்கி கால் கிலோ கட்டி வாங்கிவிட்டேன்.

அம்மா மரத்தக்காளி கேட்கிறாள். அக்கா வீடு பூட்டியிருக்கிறது, மார்க்கெட் மூடுவதற்குள்