டை-ஓவர் கட்டு: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

எம்.எஸ். (அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு) செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது பாதத்தின் மேற்புறத்தில் ஆறாத ஒரு புண். உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டும் என்றேன். "ஒட்டியதை எப்படிக் கட்டுவீர்கள்?" என்றார் தேர்வாளர். பாரஃபின் துணி (புண்ணில் ஒட்டாத மெழுகுத் துணி), பஞ்சு, சுருள்துணி என்று அடுக்கினேன். "பஞ்சு எதற்கு?" என்றார். பதில் வரவில்லை. அந்த முறை தேறவில்லை.

அடுத்த முறைக்குக் காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து படித்தபோது, அடுக்கு வரிசையை ஒதுக்கிவிட்டு, தோல் ஏன் ஒட்டாமல் போகிறது என்பதிலிருந்து தொடங்கினேன். ஒட்டிய தோலுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் ரத்த ஓட்டம் கிடையாது. புண்ணில் கசியும் நீரை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. இரண்டு, மூன்றாம் நாளில் புண்ணின் நுண்ணிய ரத்தக்குழாய்களும் தோலின் குழாய்களும் வாயோடு வாய் சேர்கின்றன. 5 முதல் 7 நாளுக்குள் ஓட்டம் நிலைக்கிறது. அதற்குள் அடியில் ரத்தமோ நீரோ தேங்கினாலும், தோல் நழுவினாலும், கிருமி புகுந்தாலும் ஒட்டாது. இதைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கேள்விக்கும் பதில் இங்கிருந்தே வரும்.

கைப்பழக்கத்துக்குப் பழைய ஸ்பாஞ்சில் குழி வெட்டி, ஈரமான மெல்லிய தாளைத் தோலாகப் பரப்பினேன். சுற்றிலும் தையல் போட்டு நூல்களை நீளமாக விட்டேன். மேலே பாரஃபின் துணி, அதன்மேல் பஞ்சு. எதிரெதிர் நூல்களைப் பஞ்சின்மேல் இழுத்து முடிந்தேன். இதுதான் டை-ஓவர் கட்டு. உலர்ந்த பஞ்சு குழியின் மேலே பாலம்போல் நின்றது. அடியில் தாள் தொங்கியது. அருகில் ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டிருந்த அப்பத்தா பார்த்துவிட்டு, "ஓலையை நனைக்காமல் மடக்கினால் படியுமா அப்பு?" என்றார். பஞ்சைச் சலைனில் (உப்புநீரில்) நனைத்துப் பிழிந்து, சிறு சிறு துண்டாகக் குழிக்குள் திணித்தேன். மூலைவரை படிந்தது. தேர்வாளர் கேட்டது இதைத்தான்: பள்ளத்திலும் மேட்டிலும் தோலைப் படுகையோடு, அதாவது அடியிலுள்ள புண்பரப்போடு, ஒரே சீராக அழுத்திவைக்கத்தான் பஞ்சு. அளவுக்கு மீறி இறுக்கினால் தோலுக்கே கேடு.

அக்குள், கழுத்து, கன்னம் போன்ற இடங்களுக்கு இந்தக் கட்டு. பெரிய, மேடுபள்ளமான படுகைக்கு எதிர்மறை அழுத்தக் கட்டையும் (கருவியால் உறிஞ்சி அழுத்திவைக்கும் கட்டு) சொல்லுங்கள். கசிவையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மூட்டருகே ஒட்டியிருந்தால், மூட்டை அசையாமல் நிறுத்தும் ஸ்ப்ளிண்டை மறக்காதீர்கள். பலர் மதிப்பெண் இழப்பது அங்கேதான். என் பாதப் புண்ணுக்கும் கணுக்காலை அசையாமல் நிறுத்தி, காலை உயர்த்தி வைக்கவேண்டும் என்று சொல்லியிருக்கவேண்டும்.

எப்போது பிரிப்பீர்கள் என்றும் கேட்பார்கள். வழக்கமாக 5ஆம் நாள். துர்நாற்றமோ காய்ச்சலோ கூடும் வலியோ இருந்தால் அன்றே. நூலை வெட்டி, சலைனில் நன்றாக ஊறவிட்டு, தோலின் ஓரத்தை ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) கீழே அழுத்திப் பிடித்தபடி துணியை உரிக்கவேண்டும். இரண்டாம் முறை இதைச் சொல்லும்போது என் இடது கை தானாகவே மேசைமேல் அழுத்திக்கொண்டிருந்தது.