மெர்சென் எண் கேள்வி: வகுக்காதீர்கள், கூட்டுங்கள்

ரிசல்ட் வந்தாயிற்று, எண் கோட்பாட்டில் பாஸ். ஆனாலும் 127 பகா எண்ணா என்று லூகாஸ்–லெஹ்மர் சோதனையால் காட்டச் சொன்ன கேள்வியில் போன மார்க் இன்னும் உறுத்துகிறது. முறை தெரியாமல் போகவில்லை, நீள்வகுத்தலில் போனது. 127-ஆல் வகுக்கவே கூடாது என்பது அப்போது உறைக்கவில்லை.

127 என்பது 2⁷ − 1; இப்படி 2-இன் அடுக்கில் 1 குறைந்து வருவதுதான் மெர்சென் எண். ஆகவே 128 ≡ 1 (மட்டு 127), அதாவது 127-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி. எந்த எண் வந்தாலும் 128-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்துக்கொண்டே போங்கள்:

4 → 14
14 → 194 = 1×128 + 66 → 67
67 → 4487 = 35×128 + 7 → 42
42 → 1762 = 13×128 + 98 → 111
111 → இங்கே 111² போடாதீர்கள். 111 ≡ −16; 256 − 2 = 254 = 2×127 → 0

கடைசிப் படியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். எனவே 127 பகா எண்.

இரண்டு இடத்தில் சறுக்கும். அடுக்கு 7 என்றால் படிகள் 5. தொடக்க 4-ஐப் படியாக எண்ணினால் 111-இலேயே நின்று "பகு எண்" என்று எழுதிவிடுவீர்கள். அடுத்தது, 254-ஐயும் இதே முறையில் கூட்டினால் 1 + 126 = 127 வரும். அதுவும் பூச்சியம்தான்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23×89. இதே 2047 அடிமானம் 2 வைத்த ஃபெர்மா சோதனையில் (2²⁰⁴⁶-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) தேறிவிடும், ஏனென்றால் 2¹¹ ≡ 1, 2046-ஓ 11-இன் மடங்கு. மெர்சென் எண்ணுக்கு அந்தச் சோதனை வீண்.

காரணி தேடச் சொன்னால் வடிகட்டிய பிறகே வகுக்கவும். 8191 = 2¹³ − 1. வர்க்கமூலம் 90 சொச்சம். பகாக் காரணி 26-இன் மடங்கோடு 1 ஆக இருக்க வேண்டும்: 27, 53, 79. 27 பகு எண். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும், அதில் 53 அடிபடும். மிஞ்சுவது 79 ஒன்றே, மீதி 54. ஒரே வகுத்தலில் நிரூபணம் முடிந்தது. 1772-இல் ஆய்லர் 2³¹ − 1 = 2147483647 பகா எண் என்று காட்டியதும் இந்த வடிகட்டலால்தான்: 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும்.

அதே 2³¹ − 1-இல் 2 இருபடி எச்சமா, அதாவது ஏதாவது ஒரு வர்க்கத்தை அதனால் வகுத்தால் மீதி 2 வருமா என்று கேட்டால் ஒரு வரி: (2¹⁶)² = 2³² ≡ 2. வர்க்கமூலம் 65536.

இலக்க எண்ணிக்கைக் கேள்வியில் அடுக்கை 2-இன் மடக்கையால் (அடிமானம் 10) பெருக்கி, முழு எண் பகுதியோடு 1 கூட்டுவோம்; அந்த மடக்கையைக் குறுக்காதீர்கள். 2024-இல் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 0.30103 என்று போட்டால் ஓர் இலக்கம் கூடிவிடும், 0.3010299957 வேண்டும். கடைசி இலக்கத்துக்கு அடுக்கை 4-ஆல் வகுங்கள். மீதி 1, ஆகவே 2 − 1 = 1.