கயிற்றில் தொய்வு வேண்டும்

இரண்டாந் தவணை விடுமுறை தொடங்கிய வாரத்தில், கிளிநொச்சியிலிருந்து ஒன்றும் வவுனியாவிலிருந்து ஒன்றுமாக இரண்டு பேருந்துகள் வந்து, ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள ஒரு குளக்கட்டின் கீழே 42 பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயின. கிளிநொச்சிப் பேருந்து வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று வந்ததால், அதிலிருந்து இறங்கிய ஒவ்வொருவர் கையிலும் ஒரு கச்சான் சரை இருந்தது. ஐந்து நாள் இயற்கை முகாம் அது. பறவை பார்ப்பதற்கும், மரங்களை இனங்காண்பதற்கும், வற்றிக் கிடக்கும் குளத்து மண்ணில் கால்தடம் பார்த்து இரவில் எந்த விலங்கு தண்ணீருக்கு வந்தது என்று சொல்வதற்கும் வேறு வேறு ஆட்கள் இருந்தார்கள். கயிற்றுத் தடம் என்னுடைய பொறுப்பு.

மரங்களுக்கிடையே கட்டிய கயிறுகளிலும் கம்பிவடங்களிலும் பிள்ளைகள் நடந்தும் தொங்கியும் ஒருவரையொருவர் பிடித்தும் கடந்து போகும் வழியைத்தான் நாங்கள் கயிற்றுத் தடம் என்கிறோம். எங்களுடையது சிறியது. நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் நான்கு தடைகளும், 5 மீற்றர் உயரத்தில் ஓர் இருகயிற்றுப் பாலமும், அதற்கு ஏறும் நூலேணியும் மட்டுமே. 5 மீற்றர் என்பது கேட்பதற்குச் சிறிய உயரமாகத் தோன்றும். ஆனால் அங்கிருந்து தடையில்லாமல் விழுபவர் நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பார். பெற்றோருக்கு இந்தக் கணக்கை நான் மறைப்பதில்லை. அதைச் சொன்ன பிறகுதான் தலைக்கவசத்தையும் இடுப்புவாரையும் எடுத்துக் காட்டுவேன்.

பிள்ளைகள் வருவதற்கு மூன்று நாட்கள் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். முதலில் மரம். அந்த இடத்தில் பாலையும் வீரையும் நிறைய நிற்கின்றன. நடுவே முதிரையும், குளத்து வாய்க்காலோரம் சில மருதுகளும் உண்டு. பாலை இறுகி வளர்ந்த மரம் என்பதால் எவரும் அதையே காட்டுவார்கள். முதல் முறை நானும் ஆளுயரத்தில் ஐந்தாறடி சுற்றளவுள்ள ஒரு பாலையைக் கண்டவுடனே மனதுக்குள் தெரிவு செய்துவிட்டேன். கொட்டாப்புளியால் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு வந்தபோது மேற்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. உள்ளே கோறையாக இருந்தது. சற்று நேரம் காதை வைத்துக் கேட்ட உதவியாளர், உள்ளே தேனீ இருக்கிறது என்றார். அந்த மரத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பத்து யார் தள்ளிப் போனோம். தட்டிப் பார்ப்பதோடு அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, கறையான் மண் ஏறியிருக்கிறதா, மேலே பட்ட கொப்புத் தொங்குகிறதா, முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பார்க்காமல் ஒரு தடவை நான் ஏணி சாத்தியிருக்கிறேன். அதை விரிவாக எழுதுவதற்கு இல்லை.

மரத்துக்கும் நாங்கள் கேடு செய்யக் கூடாது. இலையில் உருவாகும் உணவு பட்டைக்குச் சற்று உள்ளேதான் கீழ்நோக்கி இறங்குகிறது. கம்பிவடத்தை நேரடியாகச் சுற்றி இறுக்கினால் அந்த வழி நெரிபட்டுப் போகும். அப்படியே விட்டுவிட்டால் மரம் பருக்கும்போது வடம் உள்ளே புதைந்துவிடும். ஆகவே பழைய லொறி ரயர்த் துண்டுகளையும் கைப்பிடி அளவான தடிகளையும் பட்டைமேல் வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் வடத்தைச் சுற்றுகிறோம். முகாம் முடிந்த அன்றே அவிழ்த்துவிடுகிறோம்.

அடுத்தது, இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வந்த விடயம். உதவிக்கு வரும் இளைஞர்கள் எல்லாரும் பாலத்துக் கயிற்றை வீட்டுக் கொடிக்கயிறுபோல விறைக்க இழுத்துக் கட்டவே விரும்புகிறார்கள். தொய்ந்த கயிறு அவர்கள் கண்ணுக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. நான் அவர்களை நிலத்தில் இருத்தித் தடியால் கீறிக் காட்டுவேன். இரண்டு மரங்களுக்கு இடையே 10 மீற்றர். நடுவில் 40 கிலோகிராம் எடையுள்ள ஒரு பிள்ளை நிற்கும்போது கயிறு 1 மீற்றர் தாழ்ந்தால் ஒவ்வொரு பக்கத்து மரத்தையும் ஏறத்தாழ 100 கிலோ இழுக்கிறது. அரை மீற்றர் மட்டும் தாழ்ந்தால் அது 200 கிலோவாகிறது. நீங்கள் ஆசைப்படுவதுபோல 10 சென்ரிமீற்றர் மட்டும் தாழும்படி விறைக்கக் கட்டினால் அதே பிள்ளை 1000 கிலோவுக்கு இழுக்கும். பிள்ளையின் எடை மாறவில்லை. கயிற்றின் கோணம் மட்டுமே மாறியது. இந்தக் கணக்கைக் கண்ட பின் உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பையன் ஒருவன், பாடசாலையில் விசைகளைப் பிரித்தபோது அது எதற்கென்று தெரியாமலே பிரித்தேன் என்றான். கயிற்றில் தொய்வு வேண்டும் என்பதை அதன்பிறகு அவனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எந்தக் கயிறும் எந்த வேலைக்கும் ஆகும் என்ற எண்ணத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த ஒரு தந்தை, மகனோடு கூட ஒரு சுருள் பச்சைக் கயிற்றையும் அன்பளிப்பாகக் கொண்டுவந்து இறக்கினார். படகுக்கு அருமையான கயிறு அது, தண்ணீரில் மிதக்கும். ஆனால் வெயிலில் கிடந்தால் நார் நாராகப் பிரியும், உராய்ந்து சூடானால் உருகும். ஆள் தொங்கும் கயிறு விழுகையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இழுபட வேண்டும். என்றைக்குத் தயாரானது, எத்தனை முறை பாவிக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் பதிவும் இருக்க வேண்டும். அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக அந்தக் கயிற்றில் மாலைதோறும் கயிறிழுத்தல் நடத்தினோம். முகாமிலேயே அதிகம் மகிழ்ச்சி தந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லைக் கயிறு கட்டும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நினைவு வரும். மீள்குடியேறிய காலத்தில், இந்தப் பிள்ளைகளின் வயதில் நான் இருந்தபோது, மரத்துக்கு மரம் நாடா கட்டியிருந்தால் அதற்கப்பால் கால் வைக்கக் கூடாது என்பதே எங்களுக்குப் படிப்பிக்கப்பட்ட முதற்பாடம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும் நாங்கள் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகியதில்லை. மிதிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்பட்ட நிலத்தில் மட்டுமே முகாம் வைக்கிறோம்; ஆயினும் அம்மம்மாமார் பலர் பேரப்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பத் தயங்குவதற்கு யானையும் கரடியும் மட்டும் காரணமல்ல. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இதை அறியாமல் கயிற்றைக் கண்டதும் ஓடி வந்து தொங்குகிறார்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஒரு கணம் நெஞ்சு திடுக்கிடும்.

ஏற மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது என்பதில் எங்கள் குழுவுக்குள் வாக்குவாதம் உண்டு. 1971இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலப் பாடசாலை ஒன்றில் தொடங்கிய ‘புறொஜெக்ற் அட்வெஞ்சர்’ என்ற திட்டமே இத்தகைய தடங்களைப் பாடசாலைகளுக்குப் பரப்பியது. எவ்வளவு தூரம் போவது என்பதை ஏறுபவரே தெரிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் வகுத்துத் தந்த விதி. நான் அதை எழுத்துப் பிசகாமல் கைக்கொள்கிறேன். ஏணியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு “அண்ணை, நான் இறங்கப் போறன்” என்று ஒரு பிள்ளை சொன்னால், கீழே நிற்பவர்கள் “இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி” என்று கத்தக் கூடாது. கைதட்டி ஏற்றிவிட்ட பிள்ளை மேலே போய் உறைந்து நிற்கும். அதை இறக்குவதற்கு நான்தான் ஏற வேண்டும். கண்ணை மூடிப் பின்பக்கமாக விழ, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கும் விளையாட்டையும் நான் நிறுத்திவிட்டேன். நம்பிக்கையை வளர்க்கும் என்கிறார்கள். ஒருமுறை கை பிந்தினால் அழிந்துபோகும் நம்பிக்கையை அப்படி வளர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

முகாமில் சமையலுக்கு உதவியாக இருந்த பெரியவர் ஒருவர், இளமையில் பூநகரிப் பக்கத்தில் பனை ஏறியவர். காலில் ஒரு தளைநார், மார்புக்கு மரம், வேறெதுவும் இல்லாமல் ஒரு நாளைக்கு எத்தனையோ பனை ஏறி இறங்கியவருக்கு எங்கள் வார்களும் பூட்டுகளும் வேடிக்கையாக இருந்தன. “கயிற்றை நம்பி ஏறினா காலை மறந்துபோவியள் தம்பி” என்றார். அதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகள் இருகயிற்றுப் பாலத்தில் தடுமாறுவதற்குக் காரணம், கால் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கையால் தொங்குவதுதான். அவர் சொன்ன பிறகு முதல் நாள் முழுவதும் முழங்கால் உயரத் தடைகளில் வெறுங்காலோடு நடக்கவிட்டேன்.

மூன்றாம் நாள் நடந்ததை எழுதவே இதைத் தொடங்கினேன். இடுப்புவாரையும் கயிற்றையும் இணைக்கும் கரபைனர் என்ற வளையத்தில் 22 என்றும் 7 என்றும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்; அது எவ்வளவு விசை தாங்கும் என்பதன் கிலோநியூற்றன் கணக்கு, ஒரு கிலோநியூற்றன் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். பிள்ளைகளுக்காக அதை நெல்லில் சொன்னேன். மூடையை 70 கிலோ என்று வைத்தால், வாய் மூடியிருக்கும் வளையம் 30 மூடைக்கு மேல் தாங்கும். வாய் திறந்திருந்தால் 10 மூடைதான். “பத்து மூடை தாங்குமெண்டால் என்னையும் தாங்குந்தானே?” என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வளையம் உடையாது, ஆனால் திறந்த வாய் வழியாகக் கயிறு கழன்று வந்துவிடும் என்றேன். அதனால்தான் வாயைத் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டியதை ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் மூன்றாமவர் ஒருவரும் கையால் தொட்டுப் பார்த்து, மூவரும் “சரி” என்று சொன்ன பிறகே ஏணியில் கால் வைக்கலாம்.

நேரம் பதினொன்றை நெருங்கியிருந்தது. சோளகக் காற்று விழுந்து, வெக்கை ஏறத் தொடங்கியிருந்தது. அந்த நேரத்துக்குமேல் நாங்கள் ஏற்றுவதில்லை. கடைசி ஆள் என்று ஒரு பையனுக்கு நானே வளையத்தை மாட்டினேன். காலையிலிருந்து அது முப்பதாவது தடவையாக இருக்கும். நானும் “சரி” என்றேன், கயிறு பிடித்த உதவியாளரும் “சரி” என்றார். மூன்றாமவராக நின்ற தரம் ஏழுச் சிறுமி பேசாமல் நின்றாள். பையன் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். அவள் அவனுடைய வாரை எட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “அண்ணை, பூட்டுத் திருகேல்லை” என்றாள்.

திருகியிருக்கவில்லை. பெருவிரலால் அமர்த்தியபோது வளையத்தின் வாய் உள்ளே போய் வந்தது. பையனை இறக்கி, அன்றைய தடத்தை மூடினேன். மாலைக் கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்லிக் குறிப்பேட்டிலும் என் பெயரோடு எழுதினேன். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், சொல்ல வேண்டாம் என்று குழுவில் ஒருவர் தடுத்தார். அவள் தொட்டுப் பார்த்தது சடங்குக்காக அல்ல என்பதை அந்த 42 பேரும் அறியாவிட்டால் அடுத்த நாள் யார் தொட்டுப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். மறுநாள் என் முறை வந்தபோது என்னைச் சுற்றி எட்டுக் கைகள் இருந்தன. ஒருவன் என் தலைக்கவச வாருக்குள் விரல் விட்டு, அது தளர்வு என்று திருத்தினான். அந்தச் சிறுமி நான்காம் நாள் ஏணியில் பாதி வரை போய் இறங்கிவிட்டாள். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலையில், அவிழ்க்கப் போன எங்களுக்கு முன்னதாகவே மந்திகள் நான்கைந்து பாலத்துக் கயிற்றில் நடந்துகொண்டிருந்தன, ஒன்றுக்கும் வார் இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கிடையே யாரோ கேட்டு வைக்க, பனை ஏறிய பெரியவர் வாழ்க்கையில் முதன்முறையாக இடுப்புவார் அணிந்துகொண்டு ஏணியடிக்கு வந்தார். சாரத்தின்மேல் அதை மாட்டுவதற்கே ஐந்து நிமிடம் ஆனது. மூன்றாமவராக நின்றவள் அவளேதான். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “சரியோ பிள்ளை?” என்று கேட்டார்.

“இன்னும் பாக்கேல்லை, ஐயா. கையைத் தூக்குங்கோ.”