வால் இல்லாமல் வகைப்படுத்தப்பட்ட புழு

மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கும் சிப்பி ஓடுகளின்மேல் வெள்ளைச் சுண்ணாம்புக் குழல்கள் நெளிந்து ஒட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். அவற்றைக் கட்டும் செர்புலிடு புழுக்களுக்கு வாயும் குடலும் கண்டங்களாகப் பிரிந்த உடலும் உண்டு. ஆகவே அவற்றை மண்புழுவும் அட்டையும் அடங்கிய வளைதசைப் புழுக்களின் தொகுதியில் (விலங்குகளின் பெரும் பிரிவுகளில் ஒன்று) சேர்ப்பதில் பெரிய சிக்கல் இல்லை. நான் எழுத நினைப்பதோ, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் விலங்கியலாளர்களை அலைக்கழித்த வேறொரு குழாய்ப்புழுக் கூட்டத்தைப் பற்றி.

1899-1900இல் சிபோகா என்ற டச்சுக் கப்பல் இந்தோனேசியக் கடல்களில் நடத்திய ஆய்வுப் பயணத்தில், நூலளவே பருமன் கொண்ட சில புழுக்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த பிரெஞ்சு விலங்கியலாளர் மோரிஸ் கோலரி, 1914இல் சிபோக்ளினம் என்று பெயரிட்டாரே தவிர, எந்தத் தொகுதியில் வைப்பது என்று அவரால் முடிவு செய்ய இயலவில்லை. வாய், குடல், மலவாய் மூன்றுமே இல்லாத விலங்கை எதனோடு ஒப்பிடுவது? 1933இல் ஒகோட்ஸ்க் கடலில் கிடைத்த உறவினம் ஒன்றை ரஷ்ய ஆய்வாளர் உஷாக்கோவ் வளைதசைப் புழுவாகவே விவரித்தார். 1937இல் யோஹான்சன் அதை மறுத்து, பொகோனோஃபோரா என்ற தனி வகுப்பை அமைத்தார். பின்னர் அது தனித் தொகுதியாகவே உயர்ந்தது.

லெனின்கிராடில் பணியாற்றிய இவானோவ் இவற்றின் உடற்கூறை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர். உடல் மூன்று பகுதிகளாகவும் ஒவ்வொன்றிலும் தனித்தனி உடற்குழியுடனும் இருப்பதைக் கண்ட அவர், இவை முதுகெலும்புள்ள விலங்குகள் அடங்கிய முதுகுநாணிகளுக்கும் அவற்றை ஒத்த அரைநாணிகளுக்கும் நெருங்கியவை என்று கருதினார். குடல் இல்லாத உடலில் முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்று கூறுவதே கடினம். நரம்பு வடம் ஓடும் பக்கத்தை அவர் முதுகு என்று கொண்டார். உண்மையில் அது வயிறு.

பிழைக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு அன்று என்பது என் கருத்து. இப்புழுக்கள் தம் உடலைவிட நீண்ட குழலுக்குள், பின்முனையைச் சேற்றில் ஆழப் புதைத்து வாழ்கின்றன. இழுவலை மேலே வரும்போது குழலோடு உடலும் அறுந்துவிட, ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் வாலற்ற துண்டுகளே. 1964இல்தான் வெப் என்பவர் முழுப் பின்முனையை விவரித்தார். நீளத்தில் மிகச் சிறிய அந்தப் பகுதி தெளிவான கண்டங்களாகப் பிரிந்திருந்தது. கண்டந்தோறும், சேற்றைப் பற்றிக்கொள்ள உதவும் நுண்முட்கள் இருந்தன. கண்டங்களும் நுண்முட்களும் வளைதசைப் புழுக்களின் முத்திரை என்பது தெரிந்தும், தனித் தொகுதி என்ற எண்ணம் உடனே மறையவில்லை.

1977இல் கலபாகோஸ் பிளவில் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகள் கண்டறியப்பட்டபோது, ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை வளரும் ரிஃப்டியா என்ற, இவற்றுக்கு உறவான குழாய்ப்புழு வெளிப்பட்டது. அதன் கைட்டின் குழலின் வாயிலிருந்து நீளும் செந்நிறக் கற்றை ஆயிரக்கணக்கான செவுள் இழைகளால் ஆனது. கற்றையின் நடுவிலுள்ள தடித்த தண்டு, புழு உள்ளிழுத்துக்கொள்ளும்போது குழலுக்கு மூடியாகிறது. அடுத்துள்ள தசைப்பட்டை உடலைக் குழலுக்குள் பிடித்து நிறுத்துவதோடு, குழலுக்கான பொருளையும் சுரக்கிறது. அதற்குப் பின் வரும் நீண்ட நடுவுடல் முழுவதையும் டிரோபோசோம் என்னும் பஞ்சு போன்ற திசு நிரப்பியிருக்கிறது. அத்திசுவில் கந்தகப் படிகங்கள் காணப்படுவதை விலங்கியலாளர் மெரிடித் ஜோன்ஸின் உரையில் கேட்ட மாணவி காலீன் கவனா, அங்கே கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்து உணவு ஆக்கும் பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்று ஊகித்து, 1981இல் அதற்கான சான்றுகளை வெளியிட்டார். புழுவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் வெவ்வேறு இடங்களில் பிணைத்து ஒரே நேரத்தில் சுமந்து செல்வதால், நச்சான சல்ஃபைடு புழுவைக் கொல்லாமல் பாக்டீரியாக்களைச் சென்றடைகிறது. மிக இளம் புழுவுக்கு வாயும் குடலும் இருந்து பின்னர் மறைகின்றன என்பதும் பிற்பாடு தெரியவந்தது.

இத்தனைக்கும் பிறகு, 1985இல் ஜோன்ஸ் ரிஃப்டியாவுக்கும் அதன் உறவினங்களுக்கும் வெஸ்டிமென்டிஃபெரா என்ற இன்னொரு தனித் தொகுதியை முன்மொழிந்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. 1990களில் விலங்கியலாளர்கள் ரவுஸும் ஃபவுசால்டும் உடற்கூற்று ஒப்பீட்டின் வழியாகவும், மக்ஹியூ 1997இல் மரபணு ஒப்பீட்டின் வழியாகவும் இவை அனைத்தும் வளைதசைப் புழுக்களே என்று காட்டினர். இரண்டு தொகுதிகளும் சிபோக்ளினிடே என்ற ஒரே குடும்பமாகச் சுருங்கின. அது கோலரி வைத்த குடும்பப் பெயரே. பழைய பாடநூல்களில் பொகோனோஃபோராவைத் தனித் தொகுதியாகப் படித்தவர்கள் இதைத் திருத்திக்கொள்ளலாம்.

2002இல் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் கண்டறியப்பட்ட, கடலடியில் கிடக்கும் திமிங்கல எலும்புகளில் வேரூன்றி வாழும் ஒசிடாக்ஸ் என்ற பேரினமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் பெண் புழுவுக்கு, நுண்முட்களோடு கண்டங்களாகப் பிரிந்த பின்முனை உண்மையாகவே கிடையாது. அந்த நுண்முட்கள் இருப்பது, பெண்ணின் குழலுக்குள் கூட்டமாக ஒண்டி வாழும், கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய ஆண் புழுக்களிடம்தான்.